மறைந்த தாய் அல்லது தந்தையைப் பெற்ற குடும்பத்தைத் தேடுதல்: தத்துப்பிள்ளையின் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

தத்துக்கொடுக்கப்பட்ட ஒருவர் தம்மைப் பெற்றவர்களைத் தாமே தேடுவதும், அவர் காலமான பிறகு அவருடைய மகனோ மகளோ தேடுவதும் ஒரே வகையான வேலை அல்ல. சட்டம் தத்துப்பிள்ளைக்குத் தரும் உரிமை பல நாடுகளில் அடுத்த தலைமுறைக்கு வந்து சேர்வதில்லை. மரபணுச் சான்று ஒரு தலைமுறை இறங்கியதில் பாதியாகக் குறைந்திருக்கிறது. கையெழுத்துப் போடவும் சந்தேகம் தீர்க்கவும் உரியவர் இல்லை. இவற்றோடு, அவருடைய பிறப்பைப் பற்றி நேரடியாக அறிந்தவர்கள் யாரேனும் உயிரோடு இருந்தால் அவர்கள் மிகவும் முதிர்ந்த வயதில் இருப்பார்கள். எனவே எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசையை முதியவர்களின் வயதை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காப்பகத்தில் உள்ள கோப்பு பெரும்பாலும் அடுத்த ஆண்டும் அங்கேதான் இருக்கும். எண்பத்தைந்து வயதுப் பெரியவரின் நினைவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இந்தக் கட்டுரையில் ‘மறைந்தவர்’ என்று குறிப்பிடுவது தத்துக்கொடுக்கப்பட்டு, இப்போது காலமாகிவிட்ட உங்கள் தாயை அல்லது தந்தையை. அவரைப் பெற்றவர்களைப் ‘பெற்ற தாய்’, ‘பெற்ற தந்தை’ என்றும், அவரை வளர்த்தவர்களை ‘வளர்ப்புக் குடும்பம்’ என்றும் குறிப்பிடுகிறேன்.

தொடங்குவதற்கு முன்பு இருவகைப்பட்டவர்களின் விருப்பத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால், இந்தத் தேடலில் தெரியவருவது அவர்களுக்கும் உரியது. ஒருவர் மரபணுப் பரிசோதனை செய்துகொண்டால் மற்றவர்களைப் பற்றிய தகவலும் ஓரளவு வெளிப்பட்டுவிடும். ஆகவே அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்பதாக அது அமைய வேண்டியதில்லை. அவர்களுக்குத் தெரியாமல் செய்ததாக மட்டும் ஆகிவிடக் கூடாது. அடுத்தது மறைந்தவரின் விருப்பம். ‘என்னைப் பெற்றவர்களைத் தேட வேண்டாம்’ என்று அவர் வாழ்ந்த காலத்தில் சொல்லியிருந்தால், அது எதற்காகச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். வளர்த்தவர்கள் மனம் புண்படுவார்கள் என்பதற்காகப் பலர் அப்படிச் சொல்வதுண்டு. வளர்த்தவர்களும் காலமாகிவிட்ட நிலையில் அந்தக் காரணம் இப்போது இல்லை. வேறு காரணத்துக்காகச் சொன்னவர் என்றால், வேர் யாரென்று தெரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொண்டு, யாரையும் தொடர்புகொள்ளாமல் விடுவதும் ஒரு நேர்மையான வழிதான்.

பெரியவர்களிடம் கேட்கும் முறை

மறைந்தவரின் வளர்ப்புக் குடும்பத்தில் மூத்தவர்கள், அவரோடு வளர்ந்த சகோதர சகோதரிகள், பழைய அண்டை வீட்டார், குடும்ப நண்பர்கள் ஆகியோரே முதல் ஆவணங்கள். அவர்களிடம் ‘பெற்றோர் யார்?’ என்று நேராகக் கேட்டால் ‘தெரியாது’ என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். அவர்கள் உண்மையிலேயே அறியாமல் இருக்கலாம், அல்லது சொல்ல மாட்டேன் என்று யாருக்கோ வாக்குக் கொடுத்திருக்கலாம். காட்சியை நினைவுக்குக் கொண்டுவரும் கேள்விகளைக் கேளுங்கள். குழந்தை வீட்டுக்கு வந்தபோது எத்தனை மாதம் ஆகியிருந்தது, யார் தூக்கிக்கொண்டு வந்தார், எந்த ஊரிலிருந்து வந்ததாகப் பேசிக்கொண்டார்கள், வந்தபோது குழந்தைக்கு வேறு பெயர் இருந்ததா, நடுவில் நின்று பேசி முடித்தது மருத்துவரா, வழக்கறிஞரா, மதகுருவா, தாதியா என்ற கேள்விகளுக்குப் பெரியவர்கள் வியப்பூட்டும் அளவுக்குத் தெளிவாகப் பதில் சொல்வார்கள். பிறந்து மூன்றாம் நாளே வந்த குழந்தை என்றால் மருத்துவமனை அல்லது தனிப்பட்ட ஏற்பாடு; ஒன்றரை வயதில் வந்த குழந்தை என்றால் இடையில் ஒரு விடுதியோ தற்காலிக வளர்ப்புக் குடும்பமோ இருந்திருக்க வேண்டும், அங்கே ஒரு சேர்க்கைப் பதிவேடும் இருந்திருக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு பதிலும் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்று காட்டிவிடும்.

தத்தெடுப்பு குடும்பத்துக்குள்ளேயே நடந்திருக்கும் வாய்ப்பையும் தொடக்கத்திலேயே மனத்தில் வையுங்கள். திருமணமாகாத இளையவளுக்குப் பிறந்த குழந்தையை அக்காவே தன் குழந்தையாக வளர்த்த நிகழ்வுகள் எல்லாச் சமூகங்களிலும் உண்டு. அப்படியானால் மறைந்தவர் சித்தி என்று அழைத்தவரே பெற்ற தாயாக இருந்திருக்கலாம். இந்த வாய்ப்பைக் கேள்வியாக எழுப்ப வேண்டாம். மரபணு முடிவு வரும்போது அது தானாகவே தெரிந்துவிடும்.

ஒப்புதல் பெற்று உரையாடலை ஒலிப்பதிவு செய்யுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு சேர்த்து ஒரே கதையாக்கிவிடாமல், யார் சொன்னார், எந்த நாளில் சொன்னார், அவர் கண்டதா கேட்டதா என்று தனித்தனியே எழுதி வையுங்கள். முரண்படும் இரண்டு கூற்றுகளில் பொய்யென்று ஒதுக்கியதே பின்னால் சரியாக அமைவது இந்தத் தேடலில் அடிக்கடி நடப்பது.

வீட்டில் இருக்கும் தாள்கள்

தத்தெடுப்பு சட்டப்படி நடந்த பல நாடுகளில், முதலில் பதிவான பிறப்புச் சான்றிதழ் முத்திரையிட்டு மூடப்பட்டு, வளர்ப்புப் பெற்றோரையே பெற்றோராகக் காட்டும் திருத்திய சான்றிதழ் வழங்கப்பட்டது. உங்கள் கையில் இருப்பது திருத்தியதா என்று அறிய, பிறந்த நாளையும் பதிவு நாளையும் ஒப்பிடுங்கள். பிறந்து பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பதிவான சான்றிதழ் சந்தேகத்துக்குரியது. இங்கிலாந்தில் 1947 முதல் பெற்றோர் பெயரே இல்லாத சுருக்கச் சான்றிதழ் வழங்கப்பட்டது. குடும்பத்தில் சுருக்கச் சான்றிதழ் மட்டும் பத்திரமாக இருந்து முழுச் சான்றிதழ் எங்குமே இல்லையென்றால் அதுவும் ஒரு குறிப்புதான்.

நீதிமன்ற ஆணை, ஞானஸ்நானப் பதிவு, தடுப்பூசி அட்டை, பழைய கடவுச்சீட்டு, முதல் பள்ளிச் சேர்க்கை, விடுதியிலிருந்து வந்த கடித உறை, புகைப்படத்தின் பின்புறத்தில் உள்ள ஸ்டூடியோ முத்திரை ஆகியவற்றைத் தேடி ஒவ்வொன்றின் இரு பக்கங்களையும் படமெடுத்து வையுங்கள். நீதிமன்ற ஆணையில் பெயர் மறைக்கப்பட்டிருந்தாலும் வழக்கு எண்ணும் ஆண்டும் இருக்கும். கோப்பைத் தேடும் எழுத்தருக்கு உங்கள் கதை தேவைப்படாது, அந்த எண் தேவைப்படும்.

இதே நேரத்தில் உங்களுடைய உறவு நிலையை மெய்ப்பிக்கும் தாள்களையும் ஒரே கட்டாகச் சேர்த்துவிடுங்கள். மறைந்தவரின் இறப்புச் சான்றிதழ், அவரைத் தாயாக அல்லது தந்தையாகக் காட்டும் உங்கள் பிறப்புச் சான்றிதழ், திருமணத்தால் யாருடைய பெயரேனும் மாறியிருந்தால் அதற்கான சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை ஆகியவற்றின் சான்றளிக்கப்பட்ட படிகள் ஏறத்தாழ எல்லா அலுவலகங்களிலும் கேட்கப்படும். நடுவில் ஒரு பெயர் மாற்றத்துக்குச் சான்று இல்லையென்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

சட்டம் எதுவரை அனுமதிக்கிறது

எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை மறைந்தவர் வாழ்ந்த இடம் தீர்மானிப்பதில்லை. நீதிமன்றக் கோப்புக்குத் தத்தெடுப்பு ஆணை பிறப்பிக்கப்பட்ட இடமும், முதல் பிறப்புச் சான்றிதழுக்குப் பிறப்பு பதிவான இடமும் தீர்மானிக்கின்றன. விதிகள் ஒரே நாட்டுக்குள்ளும் மாறுபடும். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விதி. கான்சஸ், அலாஸ்கா மாநிலங்களில் வயது வந்த தத்துப்பிள்ளைக்கு முதல் சான்றிதழ் எப்போதுமே மறுக்கப்பட்டதில்லை. நியூயார்க் மாநிலத்தில் 2020 ஜனவரி 15 முதல் தத்துப்பிள்ளை தம் முதல் பிறப்புச் சான்றிதழைப் பெறலாம். அவர் காலமாகியிருந்தால் அவருடைய நேர் வாரிசுகளும் அதைப் பெறலாம். பிரான்சில் பெயரை மறைத்துப் பிரசவிக்கத் தாய்க்கு உரிமை உண்டு என்றாலும், தம் பிறப்பு மூலத்தை அறிய விரும்புவோருக்காக 2002இல் அமைக்கப்பட்ட தேசியக் குழுவிடம், தத்துப்பிள்ளை இறந்துவிட்டால் அவருடைய வயது வந்த நேர் வாரிசுகள் விண்ணப்பிக்க இடம் உண்டு. இங்கிலாந்தில், பழைய தத்தெடுப்புகளைப் பொறுத்தவரை, 2014 முதல் தத்துப்பிள்ளையின் வழித்தோன்றல்களும் இரு தரப்புக்கும் நடுவே நின்று தொடர்பு ஏற்படுத்தும் பதிவுபெற்ற இடைநிலை முகமைகள் வழியாகத் தகவல் கேட்கவும் தொடர்பு நாடவும் முடிகிறது. இவற்றுக்கு மாறாக, இந்தியாவின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் மூன்றாம் நபர் வேர்த்தேடலை, அதாவது தத்துப்பிள்ளைக்காக வேறொருவர் பிறப்புக் குடும்பத்தைத் தேடுவதை, அனுமதிப்பதில்லை. ஆகவே உங்களுக்குப் பொருந்தும் சட்டத்தைப் படிக்கும்போது ‘தத்துப்பிள்ளை’ என்ற சொல்லோடு நின்றுவிடாமல் ‘வழித்தோன்றல்’, ‘நேர் வாரிசு’, ‘நெருங்கிய உறவினர்’ என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று தேடுங்கள். உங்கள் உரிமை பெரும்பாலும் ஒரு துணைப்பிரிவுக்குள் ஒளிந்திருக்கும்.

ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குத் தத்துக்கொடுக்கப்பட்டவர் என்றால் இரு நாடுகளிலும் கோப்பு இருக்க வாய்ப்புண்டு. 1993ஆம் ஆண்டின் ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கை, குழந்தையின் பூர்வீகம் பற்றிய தகவலைப் பாதுகாக்கும் கடமையை உறுப்பு நாடுகளின் மீது சுமத்துகிறது. ஆனால் மறைந்த பெற்றோரைத் தேடுபவர்களில் பலருக்கு வேண்டிய கோப்புகள் அதற்கும் பல பத்தாண்டுகள் முந்தியவை. இரண்டாம் உலகப் போரால் குடும்பத்தைப் பிரிந்த குழந்தை என்றால் ஜெர்மனியில் உள்ள அரோல்சன் காப்பகத்துக்கு எழுதுங்கள். ஏறத்தாழ 1.75 கோடிப் பேரைப் பற்றிய தகவல் அங்கே இருக்கிறது. போருக்குப் பிந்தைய குழந்தைத் தேடல் பிரிவின் கோப்புகளும் அவற்றில் அடங்கும். உறவினர்களின் கோரிக்கைக்குக் கட்டணம் வாங்குவதில்லை.

தத்தெடுப்பை நடத்திய முகமையோ விடுதியோ மூடப்பட்டுவிட்டது என்ற செய்தி வந்தால் அத்தோடு நின்றுவிட வேண்டாம். மூடப்பட்ட நிறுவனத்தின் பதிவேடுகள் வேறொரு முகமைக்கோ, மறைமாவட்டத்துக்கோ, அரசுக் காப்பகத்துக்கோ, வழக்கு நடந்த நீதிமன்றத்துக்கோ பெரும்பாலும் ஒப்படைக்கப்பட்டிருக்கும். ‘கோப்பு எரிந்துவிட்டது’ என்ற பதில் வந்தால், எந்த ஆண்டில் எந்தக் கட்டடத்தில் தீ விபத்து நடந்தது என்று பணிவோடு திரும்பக் கேளுங்கள். தேட மனமில்லாத இடங்களில் இந்தப் பதில் வசதியாகச் சொல்லப்படுவதும் உண்டு.

பெயர் தர மறுக்கும் அலுவலகங்களும் அடையாளம் காட்டாத தகவலைத் தருவது உண்டு. கோரிக்கையில் ‘கோப்பில் உள்ள அடையாளம் காட்டாத தகவல் முழுவதும்’ என்று எழுத்தால் கேளுங்கள். இரண்டு பக்கத் தட்டச்சுத் தாளாக வரும் அந்தப் பதிலைப் படிப்பதிலும் ஒரு முறை உண்டு. ‘பெற்ற தாய்க்கு வயது 19, நான்கு பேரில் மூத்தவர், தட்டச்சர், அவருடைய தந்தை ரயில்வே ஊழியர், காலமானவர், பெற்ற தந்தைக்கு வயது 24, மணமானவர்’ என்று ஏழே விவரங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குழந்தையின் பிறந்த ஆண்டிலிருந்து 19ஐக் கழித்தால் தாய் பிறந்த ஆண்டு ஏறத்தாழ வரும். மூன்று இளையவர்கள் உள்ள, ரயில்வேயில் வேலை பார்த்த, குறிப்பிட்ட ஆண்டுக்கு முன்பே தந்தை இறந்துபோன குடும்பம் என்பது பின்னால் ஒரு வம்சாவளியைச் சரிபார்க்கும்போது மிகக் கறாரான சல்லடையாக அமையும். இவற்றில் தாயைப் பற்றிய விவரங்களை ஓரளவு நம்பலாம். தந்தையைப் பற்றியவை பெரும்பாலும் தாய் சொல்லி எழுதப்பட்டவை. அவர் யாரையேனும் காப்பாற்ற வேண்டியிருந்தால் வயதும் தொழிலும் மாற்றப்பட்டிருக்கலாம்.

மரபணுப் பரிசோதனை

பெயர் தெரியாத பெற்ற தந்தையையும், எந்தத் தாளும் இல்லாமல் கண்டெடுக்கப்பட்ட குழந்தையின் பெற்றோரையும் கண்டறிய இன்று இருக்கும் ஒரே நம்பகமான வழி இதுதான். பரிசோதனை நிறுவனம் உங்கள் மரபணுவைத் தன் தரவுத்தளத்தில் உள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டு, உறவினராகப் பொருந்துபவர்களின் பட்டியலைத் தரும். முடிவு வரச் சில வாரங்களாகும் என்பதால் தாள்களுக்கு விண்ணப்பிக்கும் அதே வாரத்தில் இதையும் தொடங்கிவிடலாம்.

யார் பரிசோதனை செய்துகொள்வது என்பதே முதல் முடிவு. மறைந்தவரின் மரபணுவில் சரிபாதி உங்களிடம் இருக்கிறது. மறுபாதி உங்களிடம் இல்லவே இல்லை. உடன்பிறந்த ஒருவரும் சேர்ந்தால் இருவருமாக ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாங்கியிருப்பீர்கள். மூவர் என்றால் ஏறத்தாழ 87 விழுக்காடு. எனவே உடன்பிறந்தவர்கள் அனைவரும் செய்துகொள்வதில் உண்மையான பயன் உண்டு. உங்களுக்கு வராத ஒரு துண்டு தம்பிக்கு வந்து, அதனாலேயே ஒரு முக்கியமான உறவினர் பட்டியலில் தோன்றக்கூடும். மறைந்தவரோடு ஒரே வயிற்றில் பிறந்து, அவரைப் போலவே தத்துப்போன சகோதரரோ சகோதரியோ இருந்தால் அவரே எல்லாரிலும் முதன்மையானவர். உங்களைவிட ஒரு தலைமுறை அருகில் இருப்பவர். தத்தெடுப்பு குடும்பத்துக்குள்ளேயே நடந்திருந்தாலன்றி, வளர்ப்புக் குடும்பத்துப் பிள்ளைகளின் மாதிரி இதற்கு உதவாது.

அடுத்தவர், உயிரோடு இருக்கும் உங்கள் மற்றொரு பெற்றோர். மறைந்தவர் தந்தை என்றால் உங்கள் தாயையும், தாய் என்றால் தந்தையையும் பரிசோதனைக்கு இசையச் சொல்லுங்கள். உங்கள் பட்டியலில் உள்ள ஆயிரக்கணக்கான பெயர்களில் அவருக்கும் பொருந்துபவர்களை ஒதுக்கிவிட்டால், மீதியிருப்பவர்களில் பெரும்பாலோர் மறைந்தவர் வழி வந்தவர்கள். அவர் இல்லையென்றால் அவர் வழிச் சகோதரரோ, அந்தச் சகோதரரின் பிள்ளையோ போதும்.

ஆன்செஸ்ட்ரி நிறுவனத்தின் தரவுத்தளமே அளவில் மிகப் பெரியது. அது வேறிடத்தில் செய்த பரிசோதனை முடிவை ஏற்பதில்லை. ஆகவே அங்கே நேரடியாகப் பரிசோதித்து, மூலத் தரவைத் தரவிறக்கி, வெளித்தரவை ஏற்கும் ஃபேமிலிட்ரீடிஎன்ஏ, ஜெட்மேட்ச் போன்றவற்றில் பதிவேற்றுவது சிக்கனமான வரிசை. இந்தத் தரவுத்தளங்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதையும் சொல்லியாக வேண்டும்; வேறு பகுதிகளில் வேர் உடையவர்களுக்குப் பொருத்தங்கள் குறைவாகவே வரும், அவையும் பெரும்பாலும் புலம்பெயர்ந்தோரின் பெயர்களாக இருக்கும். பிரான்சில் இத்தகைய பரிசோதனையைத் தனியாகச் செய்துகொள்வது சட்டப்படி தடைசெய்யப்பட்டிருக்கிறது. தனியுரிமை குறித்த கவலையும் நியாயமானதே. ஜெட்மேட்ச் தரவைக் கொண்டு 2018இல் அமெரிக்காவில் ஒரு தொடர்கொலையாளி பிடிபட்டார்; மற்றொரு பரிசோதனை நிறுவனமான 23அண்ட்மீயில் 2023இல் தரவுத் திருட்டு நடந்தது, 2025 மார்ச்சில் அது திவால் பாதுகாப்பு கோரியது. காவல்துறைக்கு அனுமதி தருவதா இல்லையா என்ற தெரிவைப் படிக்காமல் கடந்து போகாதீர்கள்.

முடிவோடு வரும் இன விழுக்காட்டு வரைபடத்தைப் பார்த்து மகிழலாம். குடும்பத்தைக் கண்டுபிடிக்க அது அநேகமாக உதவாது. உதவுவது பொருத்தப் பட்டியலும், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, நீங்கள் இருவரும் பகிரும் மரபணுவின் அளவைச் சென்டிமார்கன் என்ற அலகில் தரும் எண்ணும்தான். மரபணு வம்சாவளி ஆய்வாளர் பிளெய்ன் பெட்டிங்கர் ஆயிரக்கணக்கானோரிடமிருந்து தகவல் திரட்டி 2020இல் வெளியிட்ட அட்டவணையின்படி, தாத்தா பாட்டியோடு சராசரியாக ஏறத்தாழ 1750, தாய் தந்தையின் முழு உடன்பிறப்போடு ஏறத்தாழ 1740, அவர்களுடைய அரை உடன்பிறப்போடு (தாய் அல்லது தந்தை மட்டும் ஒன்றானவர்) 870, அவர்களுடைய சிற்றப்பன், பெரியப்பன், அத்தை, மாமன் பிள்ளைகளோடு 430 என்ற அளவில் மரபணுப் பகிர்வு இருக்கும். இவை சராசரிகள், உண்மை எண் கணிசமாகக் கூடவோ குறையவோ செய்யும்.

உதாரணமாக, மறைந்தவர் வழியில் 880 சென்டிமார்கன் உள்ள ஒருவர் பட்டியலில் வந்தால், அவர் மறைந்தவரின் முழு உடன்பிறப்புக்குப் பிறந்த பிள்ளையாக இருக்கலாம். மறைந்தவரின் அரை உடன்பிறப்பாக இருக்கலாம். பெற்ற தாய் அல்லது தந்தையின் உடன்பிறப்பாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் எண் ஏறத்தாழ ஒன்றே. வயதுதான் இவற்றைப் பிரிக்கும். மறைந்தவர் 1951இல் பிறந்தவர் என்று கொண்டால், 1958இல் பிறந்த பொருத்தம் அரை உடன்பிறப்பாக இருக்கவே அதிக வாய்ப்பு; 1982இல் பிறந்தவர் உங்கள் தலைமுறையினர்; 1933இல் பிறந்தவர் பெற்றவர்களின் தலைமுறை. முதல் நிலையில் பெற்ற தாயோ தந்தையோ வேறொருவரோடு குடும்பம் நடத்தியிருக்கிறார் என்று பொருள். இரண்டாம் நிலையில் பெற்றவர்கள் இருவரும் சேர்ந்தே இன்னொரு பிள்ளையும் பெற்றிருக்கிறார்கள். அவர்கள் பின்னர் மணந்துகொண்டிருக்கவும் கூடும். தேடல் எந்தத் திசையில் போக வேண்டும் என்பது இங்கே மாறிவிடுகிறது.

இவ்வளவு நெருங்கிய பொருத்தம் எல்லாருக்கும் அமைவதில்லை. 90 முதல் 400 சென்டிமார்கன் வரை உள்ளவர்கள் மட்டுமே இருந்தால், 2018இல் வம்சாவளி ஆய்வாளர் டேனா லீட்ஸ் அறிமுகப்படுத்திய வண்ணமிடும் முறை கைகொடுக்கும். பட்டியலில் முதலில் உள்ளவருக்கு ஒரு நிறம் தருகிறீர்கள். அவருக்கும் உங்களுக்கும் பொதுவாகப் பொருந்தும் எல்லாருக்கும் அதே நிறம். நிறம் பெறாத அடுத்தவருக்குப் புது நிறம். முடிவில் பெரும்பாலும் நான்கு நிறக் குழுக்கள், உங்கள் நான்கு தாத்தா பாட்டிகளுக்கு ஒவ்வொன்றாக, வந்து நிற்கும். அவற்றில் இரண்டு உங்களுக்குத் தெரிந்த பெற்றோரின் குடும்பங்கள். மீதி இரண்டில் ஒன்று பெற்ற தாயினுடையது, மற்றது பெற்ற தந்தையினுடையது. நெருங்கிய உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக மணந்துவந்த சமூகங்களில் மட்டும் இந்த நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். எண்களும் உள்ள உறவைவிட நெருக்கமாகக் காட்டும். அங்கே ஒரு படி தள்ளியே கணக்கிட வேண்டும்.

எந்தக் குழு தாயினுடையது என்று அறிய, மறைந்தவர் ஆண் என்றால் ஓர் அருமையான வழி உண்டு. ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது, அதை அவர் தம் மகளுக்கு முழுமையாகக் கொடுக்கிறார், மகனுக்குக் கொடுப்பதில்லை. எனவே தத்துப்போன தந்தையின் மகள், அவருக்குப் பெற்ற தாயிடமிருந்து வந்த எக்ஸை அப்படியே தாங்கியிருக்கிறார். தந்தை வழியில் எக்ஸிலும் பொருந்துபவர் யாராயினும் அவர் பெற்ற தாயின் பக்கத்தவர். மகனிடம் இருப்பது ஒய் குரோமோசோம். அது பெற்ற தந்தையின் ஆண்வழியை நேராகக் காட்டும், குடும்பப்பெயர் தந்தை வழியாக இறங்கும் சமூகங்களில் அந்தப் பெயரையே காட்டிவிடவும் கூடும். ஆகவே தத்துப்போன தந்தைக்கு ஒரு மகளும் ஒரு மகனும் இருந்தால் இருவரும் பரிசோதித்துக்கொள்வது இரட்டிப்புப் பயன் தரும். மறைந்தவர் தாய் என்றால் இந்தக் குறுக்குவழிகள் இல்லை. தாய்வழி இழைமணி மரபணு எல்லாப் பிள்ளைகளிடமும் இருந்தாலும், மிகத் தொன்மையான தொடர்பையும் அண்மைத் தொடர்பையும் அதனால் பிரித்துக் காட்ட முடியாது.

மறைந்தவரின் முடி, பல், அவர் நாவால் ஒட்டிய கடித உறை ஆகியவற்றிலிருந்து மரபணு எடுத்துத் தரும் ஆய்வகங்களும் உண்டு. செலவு மிகுதி, வெற்றி உறுதியில்லை. பொருள்களைக் கைபடாமல் காகித உறையில் பத்திரப்படுத்தி வைத்துவிட்டு, மற்ற வழிகள் தீர்ந்த பிறகு அதைப் பற்றி எண்ணுங்கள்.

குழுவிலிருந்து பெயருக்கு

ஒரு நிறக் குழுவில் உள்ளவர்களின் வம்சாவளிகளை மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே போனால் ஏதோ ஒரு தம்பதியில் எல்லாரும் வந்து சந்திப்பார்கள். பிறகு அந்தத் தம்பதியின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அனைவரையும் கீழ்நோக்கி எழுத வேண்டும். இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. மரண அறிவிப்புகள், குடிமதிப்புத் தாள்கள், திருமணப் பதிவுகள் ஆகியவை இதற்குரிய மூலங்கள். மறைந்தவர் கருவான காலத்தில் உரிய வயதிலும் உரிய ஊரிலும் இருந்தவர் யார் என்று பார்த்துக்கொண்டு வந்தால் பட்டியல் சுருங்கும். அடையாளம் காட்டாத தகவலில் கண்ட ரயில்வே ஊழியரும் மூன்று இளையவர்களும் இங்கேதான் பயன்படுவார்கள். டி.என்.ஏ. பெயின்டர் தளத்தில் உள்ள வாய்ப்புக் கணிப்புக் கருவியில் வம்சாவளியையும் சென்டிமார்கன் எண்களையும் உள்ளிட்டால், மறைந்தவர் எந்தக் கிளையில் அமர்ந்திருக்க அதிக வாய்ப்பு என்று ஒப்பிட்டுக் காட்டும். மரபணு தனியாகவோ தாள் தனியாகவோ ஒருவரைச் சுட்டுவது போதாது; இரண்டும் ஒரே ஆளைச் சுட்டிய பிறகே அவர் பெயரை உறுதியென்று கொள்ளுங்கள். அந்த ஆளுக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களில் யார் என்று மரபணுவால் மட்டும் பிரிக்க முடியாமல் போகலாம். அப்போது அவர்களுடைய நேர் வாரிசு ஒருவர் பரிசோதனைக்கு இசைவதே தீர்வு.

தொடர்புகொள்ளுதல்

தூரத்துப் பொருத்தங்களுக்கு எழுதும் கடிதம் சிறியதாகவும் பதில் சொல்ல எளிதாகவும் இருக்க வேண்டும். ‘வணக்கம். மரபணுப் பட்டியலில் நாம் உறவினர் என்று வந்திருக்கிறது. காலமான என் தந்தை 1951இல் பிறந்தவர், குழந்தையிலேயே தத்துக்கொடுக்கப்பட்டவர். அவர் வழிக் குடும்ப வரலாற்றைத் தொகுத்து வருகிறேன். உங்கள் தாத்தா பாட்டிகள் எந்தப் பகுதியைச் சேர்ந்தவர்கள் என்று தெரிவித்தால் பெரிதும் உதவியாக இருக்கும்’ என்ற அளவு போதும். உங்கள் ஊகங்களையும் சந்தேகப்படும் பெயர்களையும் இதில் எழுதக் கூடாது. கடிதம் பெறுபவர் அதைக் குடும்பக் குழுவில் அப்படியே பகிர்ந்துவிடுவார்.

பெற்ற தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதாகத் தெரிந்தால், வேறு யாருக்கும் எழுதுவதற்கு முன் அவருக்கே எழுத வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது அவருடைய வாழ்க்கைச் செய்தி; அவருடைய பிள்ளைகளுக்கு அதை உங்கள் வாயிலாகத் தெரியவைப்பது முறையன்று. சட்டம் இடைநிலை முகமைக்கு இடம் தரும் நாடுகளில் அதன் வழியாகவே செல்லுங்கள். நேரடியாக எழுதுவதானால் கையால் எழுதிய, மூடிய, அனுப்புநர் பெயர் மட்டும் கொண்ட கடிதம் நல்லது. சமூக ஊடகச் செய்தியை வேறு யாராவது திறந்து படிக்கக்கூடும். தம் குழந்தை இறந்துவிட்டது என்ற செய்தியும் அந்தக் கடிதத்தில்தான் அவருக்குக் கிடைக்கப் போகிறது. முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிடாமல், ஆனால் மறைக்காமலும், அவர் நல்ல வாழ்வு வாழ்ந்தார் என்பதற்கான இரண்டொரு விவரங்களோடு சொல்லுங்கள். ஒரு புகைப்படத்தை உள்ளே தனி உறையில் வைத்தால், பார்ப்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்வார்.

அவர்களும் காலமாகியிருந்தால், அரை உடன்பிறப்புகளில் மூத்தவருக்கு எழுதலாம். அவர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்று கருதி எழுதுங்கள். சொத்து பற்றிய அச்சம் பெரும்பாலான குடும்பங்களில் முதலில் எழும்; பல சட்ட முறைமைகளில் தத்தெடுப்போடு பிறப்புக் குடும்பத்து வாரிசுரிமை முடிந்துவிடுகிறது என்றாலும், உங்களுக்கு அத்தகைய நோக்கம் இல்லை என்று ஒரு வரியில் எழுதிவிடுவது நல்லது. பரம்பரை நோய்கள் பற்றிய கேள்வியை முதல் கடிதத்தில் வைக்கலாமா என்று பலர் தயங்குவார்கள். வைக்கலாம், உறவாட விரும்பாதவர்கள்கூட இதய நோய், புற்றுநோய், எந்த வயதில் வந்தது என்ற மூன்றுக்கும் பதில் எழுதிவிடுவதுண்டு.

பதில் வரவில்லையென்றால் சில மாதங்கள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கு மேல் எழுதுவதும், வீட்டு வாசலில் போய் நிற்பதும், அவருடைய பிள்ளைகளைச் சுற்றிவளைத்து அணுகுவதும் தொல்லையாகிவிடும். மறுத்தவர் பின்னால் மனம் மாறக்கூடும் என்பதால் இரண்டு ஏற்பாடுகளைச் செய்து வையுங்கள். முகமையிலோ நீதிமன்றத்திலோ உள்ள மறைந்தவரின் கோப்பில் உங்கள் பெயரும் முகவரியும் கொண்ட கடிதத்தைச் சேர்க்கச் சொல்லி, ஒருவரையொருவர் தேடுவோர் பெயர் பதிந்துவைக்கும் தொடர்புப் பதிவேடு உறவினர்களை ஏற்றால் அதிலும் பதிந்துகொண்டு, வீடு மாறும்போதெல்லாம் புதுப்பியுங்கள். மரபணுக் கணக்கின் கடவுச்சொல்லையும், யார் யாருக்கு என்ன எழுதினோம் என்ற ஏட்டையும் உடன்பிறந்த ஒருவரிடமோ அடுத்த தலைமுறையில் ஆர்வமுள்ள ஒருவரிடமோ கொடுத்து வையுங்கள். பட்டியலில் புதிய பொருத்தங்கள் தொடர்ந்து சேர்ந்துகொண்டிருக்கும். அவற்றை அவ்வப்போது திறந்து பார்க்க ஒருவர் இருக்க வேண்டும்.